இசபெல்லா தெஸ்தேவுக்கு ஒரு மாஜோங் தாள்

மறுமலர்ச்சிக்கால இத்தாலியில் மாந்துவா ஆட்சியாளரின் மனைவியான இசபெல்லா தெஸ்தேயின் குடும்பத்தை ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் பாதியிலேயே திணறுவதற்கு முதல் காரணம் அந்த மொழியில் உறவுச்சொல் பற்றாக்குறை. எலிசபெத்தா கொன்சாகாவும் 'சிஸ்டர்-இன்-லா', லுக்ரேசியா போர்ஜாவும் 'சிஸ்டர்-இன்-லா'. தமிழில் எழுதிப் பாருங்கள்: முதலாமவர் நாத்தனார், இரண்டாமவர் தம்பி பெண்டாட்டி. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது ஒரு கல்யாண வீட்டில் அரைநாள் நின்றவருக்குக்கூடத் தெரியும். அதனால் வம்ச விளக்கப்படத்தைத் தமிழ் முறைப்பெயர்களோடு போடுவதுதான் என் சிபாரிசு.

ஏ4 தாள் போதாது. உடன்பிறந்தோர் ஐவர், அப்பாவுக்கு வேறு வழியில் பிறந்தவர்கள் இருவர், பிள்ளைகள் எட்டுப் பேர், அதன்மேல் கணவர் வீட்டார். பினாங்கில் எந்தப் புத்தகக்கடையிலும் கிடைக்கும் மாஜோங் தாள் என்ற பெரிய தாள் ஒன்றை அகலவாக்கில் விரியுங்கள். நடுவில் இசபெல்லா, பிறப்பு 1474. இடப்பக்கம் பிறந்த வீடான பெராரா: அப்பா கோமகன் எர்கோலே, அம்மா எலியோனோரா, அம்மாவின் அப்பா நேப்பிள்ஸ் அரசர் பெர்ரான்தே. வலப்பக்கம் புகுந்த வீடான மாந்துவா: கணவர் பிரான்செஸ்கோ கொன்சாகா. கட்டிக்கொடுத்த பிறகும் அவர் பிறந்த வீட்டுப் பெயரோடு 'தெஸ்தே'தான். மலேசிய அடையாள அட்டையான ஐசியில் கடைசிவரை 'ஏ/பி' (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயரைச் சுமக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அடுத்து பெயர்கள். இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுவார்கள். பேரன் என்றால் பெயரன். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். கொன்சாகா வீட்டில் இதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார்கள். இசபெல்லாவின் அம்மா எலியோனோரா 1493 அக்டோபரில் இறந்தார். அந்த டிசம்பர் 31இல் பிறந்த தலைமகளுக்கு எலியோனோரா என்று பெயர். அடுத்தவள் மார்கெரித்தா, அப்பாயி பெயர், குழந்தையிலேயே தவறிவிட்டாள். 1500இல் பிறந்த மூத்த மகன் பெதரிகோ, அப்பாவழித் தாத்தா பெயர். எர்கோலே தாத்தா 1505 ஜனவரியில் கண்மூட, நவம்பரில் பிறந்த பேரன் எர்கோலே ஆனான். 1507இல் பிறந்தவன் பெர்ரான்தே, நேப்பிள்ஸ் கொள்ளுத்தாத்தா பெயர். லிவியா இரண்டு பேர். முதல் லிவியா சிறுமியாக இறந்தபின் 1508இல் பிறந்தவளுக்கும் அதே பெயர். இவர்களுக்கு நடுவில் பிறந்தவள் இப்போலித்தா.

ஆகவே வெறும் 'பெர்ரான்தே' என்று எழுதாதீர்கள். தாத்தா, தம்பி, மகன் என மூவர் இருக்கிறார்கள். பெயர், முறை, பிறந்த ஆண்டு மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதுங்கள். இறந்த பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் மார்கெரித்தா மறைந்து, இரண்டு லிவியாவும் ஒருத்தியாகி, கணக்கு ஆறில் நின்றுவிடும்.

அப்பாவின் வேறுவழிப் பிள்ளைகளைப் புள்ளிக்கோட்டில் இணைக்கலாம், ஒதுக்கக் கூடாது. ஜூலியோ இல்லாமல் 1506 புரியாது. கார்டினலான தம்பி இப்போலித்தோவின் ஏவலில் 1505இல் ஜூலியோவின் கண்கள் தாக்கப்பட்டன. குற்றவாளிக்குப் போதிய தண்டனை கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் ஜூலியோவும் இன்னொரு தம்பி பெர்ரான்தேவும் ஆட்சியிலிருந்த தம்பி அல்போன்சோவுக்கு எதிராகச் சதி செய்து பிடிபட்டார்கள். பெர்ரான்தே 1540இல் சிறையிலேயே மாண்டார். ஜூலியோ 1559இல் வெளியே வந்தார், 53 ஆண்டுகள் கழித்து. தம்பி சிறைக்குப் போன சில மாதங்களில்தான் இசபெல்லா தன் மகனுக்குப் பெர்ரான்தே என்று பெயர் வைக்கிறார். தாத்தா பெயர்தான், சரி. ஆனால் அந்த வீட்டில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது யார் முகம் நினைவுக்கு வந்திருக்கும்?

திருமணம் 1480இல் நிச்சயமானது, பெண்ணுக்கு ஆறு வயது. கொஞ்ச நாளில் மிலானிலிருந்து லுதோவிகோ ஸ்போர்சாவுக்கு இதே பெண்ணைக் கேட்டு ஆள் வந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று என்று தங்கை பெயாத்ரீச்சேயைக் கொடுத்தார்கள். லுதோவிகோவும் பிரான்செஸ்கோவும் சகலைகள் ஆனது இப்படித்தான்.

சீதனம் 25,000 துகாத்து. ஒரு தங்கத் துகாத்து ஏறக்குறைய 3.5 கிராம், பெருக்கினால் 87.5 கிலோ, 8 கிராம் பவுனில் கிட்டத்தட்ட 11,000 பவுன். பினாங்கின் லெபோ பசார் நகைக்கடைகளை நினைத்துக்கொண்டு மலைக்க வேண்டாம், இது ஒரு உத்தேசத்துக்கு மட்டும்தான். அன்றைய பேரேடுகள் 1 லிரா = 20 சோல்தி = 240 தெனாரி என்ற கணக்குப் பணத்தில் ஓடின, ஊருக்கு ஊர் லிராவின் மதிப்பும் மாறியது. பெராரா லிராவை மிலான் லிராவோடு நேராகக் கூட்டினால் விடை தப்பு. நகைகளும் பெட்டியில் சும்மா கிடக்கவில்லை. 1490களின் நடுவில், இன்னும் அடகு வைக்கக் கணவர் கேட்டபோது, பெரும்பாலானவை ஏற்கெனவே வெனிசில் அடகில் இருக்கின்றன என்று இசபெல்லா நினைவூட்டி எழுதினார்.

தேதி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. வெனிசில் ஆண்டு மார்ச் 1இல் பிறக்கும், புளோரன்சில் மார்ச் 25இல். திருமணம் நடந்த 1490 பிப்ரவரியை இந்த இரண்டு ஊர்க்காரர்களும் 1489 என்றே எழுதுவார்கள். இசபெல்லா இறந்த 1539 பிப்ரவரி 13ஐ 1538 என்று. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதி கண்ணில் பட்டால் எந்த ஊர் ஆவணம் என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள். மணிக்கணக்கும் வேறு. நாழிகை சூரிய உதயத்தில் தொடங்கும், அவர்களுடைய மணி அஸ்தமனத்தில் தொடங்கியது. இரவில் நடந்த பிறப்பு, இறப்புகளுக்கு நூலுக்கு நூல் ஒரு நாள் வித்தியாசம் வருவதற்கு இது ஒரு காரணம்.

தலைமகள் எலியோனோரா 1509இல் உர்பினோ கோமகனை மணந்தாள். மாப்பிள்ளை பிரான்செஸ்கோ மரியா, நாத்தனார் எலிசபெத்தாவும் அவர் கணவரும் வாரிசாகத் தத்தெடுத்த பிள்ளை. அதாவது பெண் அத்தை வீட்டுக்கே வாழப்போனாள். 'அத்தை' என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது. இப்போலித்தாவும் இளைய லிவியாவும் கன்னிமாடம் சேர்ந்தார்கள்.

கடைசியாக, சிவப்புப் பேனாவால் 1527 மே என்று தாளின் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். பேரரசர் ஐந்தாம் சார்லசின் படை ரோம் நகரைச் சூறையாடிய மாதம். தலைமை தாங்கி வந்து மதிலடியில் செத்த பூர்போன் கோமகன், கணவர் பிரான்செஸ்கோவின் அக்கா கியாராவின் மகன். அதே படையில் இசபெல்லாவின் மகன் பெர்ரான்தேவும் இருந்தான். எர்கோலேவுக்குக் கார்டினல் தொப்பி வாங்குவதற்காக ரோமில் தங்கியிருந்த இசபெல்லா, கொலோன்னா மாளிகையின் கதவை அடைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானோருக்கு அடைக்கலம் கொடுத்தார். மதிலுக்கு வெளியே நாத்தனார் மகனும் சொந்த மகனும், உள்ளே அம்மா. முறைப்பெயர்களைச் சரியாக எழுதியிருந்தால் இது தாளிலேயே தெரியும்.