முப்பது வெள்ளி ஸ்டூலின் நான்கு மூலைகள்

சிங்கப்பூரில் முப்பது நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும் சக்கர ஸ்டூலை முக்கால் வேலை முடிந்த சாமானாகத்தான் பார்க்கவேண்டும். மீதிக் கால் வேலை வாங்குபவருடையது. அதைச் செய்யாமல் உட்கார்ந்தால் சில மாதத்தில் ஒரு சக்கரம் கோணிக்கொள்ளும். பிறகு அது பட்டறை மூலையில் கிடந்து, கடைசியில் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரர் வண்டியில் ஏறும். வாங்கிய அன்றே கழற்றிப் பலப்படுத்தினால் அதே ஸ்டூல் பல ஆண்டு உழைக்கும். கார்ப் பட்டறைகள் நிறைந்த சின் மிங்கிலும் உபியிலும் காக்கி புக்கிட்டிலும் நாள் முழுக்க பிரேக் வேலை பார்ப்பவர்களின் முட்டிக்கு இது சின்ன விஷயமே இல்லை. குந்தி எழுவதை நூறு தடவையிலிருந்து பத்துத் தடவையாகக் குறைக்கும் சாமான் அது.

பெரும்பாலான ஸ்டூல்களின் அமைப்பு ஒன்றுதான். 20 அல்லது 25 மி.மீ. சதுர பைப், சுவர் கனம் ஒரு மி.மீ. சுமார், அடியில் சாமான் தட்டு, 50 மி.மீ. சக்கரங்கள், மேலே மரத்தூள் பலகையில் பஞ்சு வைத்து ரெக்சின் போர்த்திய இருக்கை. பைப் மெல்லியதாக இருக்கிறதே என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். நடுவில் பைப் வளைந்து உடைந்த ஸ்டூல் அபூர்வம். உடைவதெல்லாம் ஒரு பாகத்தின் சுமை இன்னொரு பாகத்துக்கு மாறும் இடத்தில்தான்: சக்கரத் தண்டு பைப்பில் நுழையும் நான்கு மூலைகள், அடுத்தபடியாக இருக்கைப் பலகையில் ஸ்க்ரூ பிடித்திருக்கும் இடம். காசையும் நேரத்தையும் அங்கே போட்டால் போதும்.

மூலையில் நடப்பது இதுதான். தண்டு, பைப்பின் மேல் சுவர் கீழ்ச் சுவர் இரண்டையும் துளைத்துப் போய் மேலே நட்டில் முடிகிறது. உள்ளே வெற்றிடம். நட்டை இறுக்க இறுக்க இரண்டு சுவரும் ஒன்றையொன்று நோக்கி நசுங்கும். இறுகியதுபோலத் தோன்றும், உண்மையில் இறுகியிருக்காது. உட்கார்ந்தபடி ஒவ்வொரு முறை தள்ளும்போதும் தண்டு சாய்ந்து ஓட்டையை முட்டை வடிவமாக்கும். ஓட்டை பெரிதானதும் தண்டு வளையும். சக்கரம் மோசம் என்று புதுச் சக்கரம் வாங்கி அதே ஓட்டையில் மாட்டுகிறவர்கள் அடுத்த சக்கரத்தையும் இழக்கிறார்கள்.

இதற்குச் சரியான வைத்தியம் உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைப்பது. 25 மி.மீ. பைப்பில் இரண்டு சுவரையும் 16 மி.மீ. துளைத்து, வெளிவிட்டம் 16, உள்விட்டம் பத்தரை மி.மீ. உள்ள துண்டை 25 மி.மீ. நீளத்துக்கு வெட்டி நுழைத்து, மேலும் கீழும் சுற்றி வெல்டு வைத்து அரத்தால் சமன் செய்யவேண்டும். இனி நட்டின் இறுக்கத்தை அந்தத் துண்டு தாங்கும், பைப் நசுங்காது. தண்டு நீளத்தைக் கடையிலேயே அளந்துகொள்ளுங்கள். பைப்புக்கு 25, வாஷருக்கு 2, நைலான் பூட்டு நட்டுக்கு 10, வெளியே நீட்டிக்கொள்ள 3 என்று எம்10 (10 மி.மீ. விட்ட மரை) தண்டுக்குக் குறைந்தது 40 மி.மீ. வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது 25, 30தான்.

குட்டைத் தண்டுதான் கையில் இருக்கிறதென்றால் வேறு வழி: 40க்கு 40, பத்து மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டில் 8.5 மி.மீ. துளையிட்டு எம்10 மரை வெட்டி, பைப்பின் அடியில் வெல்டு வைப்பது. மரையின் விட்டமளவுக்கு மரை பிடித்தால் இரும்பில் அது போதுமான பிடிப்பு. தண்டில் முதலில் ஒரு மெல்லிய நட்டைப் போட்டு, தண்டைத் தகட்டில் ஏற்றிய பிறகு அந்த நட்டைத் தகட்டோடு எதிர்த்து இறுக்கிவிடவேண்டும். மிச்சத் தண்டு உள்ளே போக பைப்பின் கீழ்ச் சுவரில் ஓட்டை இருக்கட்டும். வெல்டு வைக்கும்போது மரைக்குள் பழைய போல்ட் ஒன்று இருந்தால் தீப்பொறி மரையைக் கெடுக்காது.

எம்8 தண்டை எம்10 ஆக மாற்றுவது இரண்டு மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மரையின் அடிவிட்டத்தை வைத்துப் பார்த்தால் எம்10, எம்8ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு வலிமை. மொத்தச் செலவில் அதிகப் பலன் தரும் மாற்றம் இது.

சக்கரம் தேர்வு செய்யும்போது சுமையை நான்கால் வகுக்காதீர்கள். நான்கு கால் பொருள் மேடு பள்ளமான தரையில் பல நேரம் மூன்று காலில்தான் நிற்கிறது. ஆள் 90 கிலோ, சாமான் 10 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 33 கிலோ. ‘தொப்’பென்று உட்காரும்போது அது இரட்டிப்பாகும் என்று வைத்து, சக்கரத்துக்கு 65, 70 கிலோ தாங்குவதாகக் குறித்திருப்பதையே வாங்கவேண்டும். விட்டம் 75 மி.மீ. ஆனால் இன்னும் நல்லது. 5 மி.மீ. உயர வடிகால் மூடி விளிம்பில் ஏற, 50 மி.மீ. சக்கரத்துக்கு அதன் மேலிருக்கும் சுமையில் முக்கால் பங்கு இழுவை வேண்டும், 75 மி.மீ. சக்கரத்துக்கு பத்தில் ஆறு பங்குக்கும் சற்றுக் குறைவாகப் போதும். அந்த விளிம்பில் சக்கரம் நின்றுவிட்டு உடம்பு மட்டும் முன்னே போவதால்தான் ஆட்கள் கவிழ்கிறார்கள். பெரிய சக்கரத்தால் இருக்கை சுமார் 3 செ.மீ. உயரும், தாழ்வான வேலைக்கு அது தொந்தரவு என்றால் புது இருக்கையில் பஞ்சின் கனத்தைக் குறைத்து ஈடுகட்டலாம்.

சக்கரப் பொருளிலும் கவனம் வேண்டும். நைலான் சத்தமாக ஓடும், எபாக்சி தரையில் வழுக்கும், ஆனால் எண்ணெய்க்கு அஞ்சாது. சாதாரண ரப்பர் எண்ணெய் குடித்து உப்பிவிடும். பாலியூரித்தேன் எண்ணெயைத் தாங்கும், தரையைக் கீறாது. அதிலும் பாலியெஸ்டர் வகை ஈரக்காற்றில் நாளடைவில் பொடிந்து உதிரும், பாலியீத்தர் வகை தாக்குப்பிடிக்கும். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் இதைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது அவசியம். ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்ட்வேர் கடைகளில் சக்கரத்தைக் கையில் எடுத்து, சுழலும் பந்துத் தடத்தை (பால் பேரிங்) திருகிப் பார்த்து வாங்கமுடியும். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குவதைவிட அதையே நாங்கள் பரிந்துரைப்போம்.

அடுத்து வெல்டிங். ஒரு மி.மீ. சுவரில் 3.2 மி.மீ. குச்சி நேராக ஓட்டை போட்டுவிடும். 6013 வகை வெல்டிங் குச்சியில் 2 மி.மீ., 40 முதல் 50 ஆம்ப், அல்லது கம்பி தானாக வந்து உருகும் மிக் மெஷினில் 0.8 மி.மீ. கம்பி. முதலில் நான்கு இடத்தில் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) அடித்து, ஒரு மூலை விட்டு எதிர்மூலை என்று மாறி மாறி 15, 20 மி.மீ. துண்டாகப் போட்டால் சட்டம் முறுக்கிக்கொள்ளாது. மூலைகளில் 3 மி.மீ. கன முக்கோணத் தகடு, 30 மி.மீ. பக்கம், போதும். 6 மி.மீ. தகடு வைத்தால் இன்னும் பலம் என்று நினைப்பது தவறு. கனத் தகடு முடிகிற முனையில் மெல்லிய பைப் திடீரெனத் தனியாக விடப்படுகிறது. விரிசல் அங்கே போய் உட்காரும். பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்த, தட்டுக்கு அடியில் 25க்கு 3 மி.மீ. பட்டை இரும்பைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு வெல்டு வைப்பது மிகச் சிக்கனமான வழி.

வெல்டு வைக்கும் முன் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக்கூடாது. சக்கரங்களைக் கழற்றிவிடவேண்டும், மின்சாரம் பந்துத் தடம் வழியே போனால் பந்துகள் பொத்தலாகும். பளபளக்கும் குரோம் பூச்சு, துத்தநாகப் பூச்சு எதுவானாலும் வெல்டு விழும் இடத்தில் தேய்த்து எடுக்கவேண்டும். தேய்க்கும்போதும் முகமூடி வேண்டும், இரண்டின் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த இடத்தில் வெல்டு வைக்கவே வேண்டாம். குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஆர்க் வெளிச்சத்திலும் சூட்டிலும் போஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். துடைக்க அசிட்டோன் போதும். அதுவும் முழுக்கக் காய்ந்து, துணியையும் டப்பாவையும் தூர வைத்த பிறகே வெல்டிங். கப்பல் பட்டறையிலும் ரசாயன ஆலையிலும் ஹாட் ஒர்க் பெர்மிட் (தீப்பொறி வேலைக்கான அனுமதிச் சீட்டு) இல்லாமல் பொறி பறக்கக்கூடாது. ஸ்டூல்தானே என்று அங்கே சலுகை கிடையாது. காஸ் தண்டால் ஏறி இறங்கும் ஸ்டூல் என்றால் அந்தச் சிலிண்டரைச் சூடாக்குவதோ துளைப்பதோ கூடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது.

வெல்டிங் வசதியே இல்லாதவர்களுக்கு, தூக்கி எறியப்பட்ட அலுவலக நாற்காலியின் ஐந்து கால் அடிப்பாகம் நல்ல பொருள். சக்கரங்கள் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால், கவிழும் விளிம்பு நான்கு காலுக்கு அந்தத் தூரத்தில் 71 விழுக்காடு, ஐந்து காலுக்கு 81; விளிம்பு தள்ளிப்போகப் போகக் கவிழ்வது கடினம். பிளாஸ்டிக் அடிப்பாகமாக இருந்து வெயிலில் கிடந்திருந்தால் எடுக்காதீர்கள், அது மொறுமொறுப்பாகியிருக்கும். அலுமினியம் என்றால் தயங்கவேண்டாம்.

இருக்கைக்கு வருவோம். மரத்தூள் பலகை ஈரம் குடித்து ஊதியதும் ஸ்க்ரூ வெறும் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். 12 மி.மீ. மரைன் பிளைவுட்டை அதே அளவுக்கு வெட்டி, 8 மி.மீ. துளையில் மேல்பக்கமிருந்து எம்6 டி-நட்டை (பற்களோடு பலகையில் பதியும் நட்டு) அடித்து இறக்கி, கீழிருந்து போல்ட் போடவேண்டும். ஓரங்களில் வார்னிஷ் இரண்டு பூச்சு. போல்ட் முனை பலகைக்கு மேலே எட்டிப் பார்க்காத நீளம்தானா என்று பஞ்சு ஒட்டும் முன்பே பாருங்கள். 350 மி.மீ. வட்ட இருக்கை, 50 மி.மீ. அடர்த்தியான பஞ்சு, அடியில் மடிக்க 40 மி.மீ. என்றால் ரெக்சினை 560 மி.மீ. வட்டமாக வெட்டவேண்டும். கடிகாரத்தில் 12, 6, 3, 9 என்று எதிரெதிராக முதலில் ஸ்டேப்பிள் பின் அடித்து, பிறகு இடைவெளிகளை நிரப்பினால் சுருக்கம் ஒரே பக்கம் சேராது.

பூட்டுச் சக்கரம் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தண்ணீர் வடிய வாட்டம் விட்ட தரை என்றால் மூலைவிட்டமாக இரண்டு பூட்டு இருக்கட்டும். பூட்டை நம்பி, உட்கார்ந்தபடியே இறுகிய வீல் நட்டை நெம்புவது மட்டும் வேண்டாம்; நட்டு திடீரென விடும்போது பூட்டிய சக்கரமும் வழுக்கும், ஆள் பின்னால் போவார். அதற்கு எழுந்து நிற்கவேண்டும். எவ்வளவு பலப்படுத்தினாலும் ஸ்டூல் மேல் ஏறி நிற்கக்கூடாது.

முடித்ததும் உட்காருபவரின் எடையைப்போல ஒன்றரை மடங்கை ஓர் இரவு ஏற்றிவைத்து, காலையில் வெல்டு ஓரங்களை டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் மறுபடி இறுக்குவது கட்டாயம். வாஷருக்கு அடியில் பெயின்ட் நசுங்கி இடம் விட்டிருக்கும், அதனால்தான் அந்த இடத்தில் பெயின்ட்டை முன்பே சுரண்டிவிடுவது நல்லது. பிறகு வாரம் ஒரு முறை ஸ்டூலைக் கவிழ்த்து, சக்கர அச்சில் சுற்றிய நூல், கேபிள் டை துண்டு, லேத் சீவிய இரும்புச் சுருள் எல்லாவற்றையும் மூக்குக் குறடால் பிடுங்கினால் போதும். கையால் பிடுங்கவேண்டாம், லேத் சுருள் விரலை அறுத்துவிடும்.