பிட்ஸ்பர்க்கிலிருந்து மீளாத யூஜின் ஸ்மித்

லைஃப் இதழிலிருந்து விலகி மேக்னம் என்ற புகைப்படக் கலைஞர்களின் கூட்டுறவுக் குழுவில் சேர்ந்திருந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டபிள்யூ. யூஜின் ஸ்மித்திடம், அமெரிக்காவின் உருக்குத் தொழில் நகரமான பிட்ஸ்பர்க்கைப் பற்றிய நூலுக்காகச் சுமார் 100 படங்கள் எடுத்துத் தருமாறு 1955இல் பதிப்பாசிரியர் ஸ்டீபன் லோரன்ட் கேட்டுக்கொண்டார். சில வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய அந்தப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. நெகட்டிவ்கள் ஏறத்தாழ 17,000 ஆயின.

உருக்காலைத் தொழிலாளியின் பாதுகாப்புக் கண்ணாடியில் உலைத்தீ ஒளிரும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான் அதைவிட நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது, 'கனவுத் தெரு' என்ற பெயர்ப்பலகைக்கருகில் ஆளில்லாமல் நிற்கும் ஒரு காரின் படத்தைத்தான். புகையையும் உலைகளையும் மட்டும் காட்டி ஒரு தொழில் நகரத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். அங்கு வாழ்பவர்களின் தனிமையையும் ஏக்கத்தையும் சேர்த்துச் சொல்ல முயன்றதால்தான் அவரால் அதை முடிக்கவே இயலவில்லை என்று நினைக்கிறேன்.

கலைஞர்களுக்கு வழங்கப்படும் கூகன்ஹைம் உதவிநிதி இரண்டு முறை கிடைத்தும் கடன் தீரவில்லை. படங்களின் தேர்வையும் பக்க அமைப்பையும் பிறரிடம் விட்டுக்கொடுக்க மறுத்தவர், 1957இல் மனைவி மக்களைப் பிரிந்து நியூயார்க்கின் ஆறாவது நிழற்சாலையிலிருந்த மாடிக்குக் குடிபெயர்ந்தார். அந்தக் குடும்பம் பட்ட துயரை அவருடைய மேதைமையின் பெயரால் நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பாப்புலர் போட்டோகிராஃபி இதழின் 1959 ஆண்டு மலரில் பிட்ஸ்பர்க் படங்களின் ஒரு பகுதி வெளிவந்தபோது, அதை அவரே தோல்வி என்று கருதினார். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஒரு நகரத்தின் மீது ஒரு கலைஞன் இவ்வளவு ஆழமாகக் கவனம் செலுத்திய வேறொரு பணியை நான் கண்டதில்லை.