திடலில் ‘பாமா விஜயம்’: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

மார்ச் 2

மாதக் கடைசிச் சனிக்கிழமை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் திடலில் ‘பாமா விஜயம்’ படக்காட்சி. 1967இல் கே. பாலசந்தர் எழுதி இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். உரிமை வைத்திருப்பவரின் அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் நோட்டீஸ் அடிக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது.

மார்ச் 5

பிரதியைப் போட்டுப் பார்த்ததும் தெரிந்த கோளாறு: எல்லார் முகமும் அப்பளமாக அகன்றிருக்கிறது. படம் 4:3 சட்டகம் (அகலம் 4, உயரம் 3). யாரோ அதை 16:9க்கு இழுத்துப் பதிந்திருக்கிறார்கள். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. கண்டுபிடிக்க அளவுகோல் தேவையில்லை, பெண்களின் நெற்றிப் பொட்டைப் பார்த்தால் போதும். வட்டப் பொட்டு முட்டையாகப் படுத்திருந்தால் படம் இழுபட்டிருக்கிறது. கணினியில் படம் ஓட்டும் விஎல்சி செயலியில் ‘ஏ’ விசையைத் தட்டித் தட்டி 4:3க்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். நாகேஷ் மறுபடி ஒல்லியாகிறார். அந்த ஒல்லி உடம்புதான் பாதி நகைச்சுவை, அதைக் கெடுத்தால் பாவம் பிடிக்கும்.

இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே, திரையை நிரப்பக் கூடாதா என்று கட்டாயம் கேட்பார்கள். நிரப்பினால் மேலும் கீழுமாக உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். மாமனார் டி. எஸ். பாலையா, மேஜர் சுந்தர்ராஜன் – சௌகார் ஜானகி, முத்துராமன் – காஞ்சனா, நாகேஷ் – ஜெயந்தி என்று ஏழு பேர் ஒரே கூடத்தில் நிற்கிற படம் இது. பேசுகிறவரைவிட ஓரத்தில் நின்று முழிக்கிறவர்தான் சிரிக்க வைப்பார். பாலசந்தர் நாடக மேடையிலிருந்து வந்தவர் என்பது இந்த நிற்கவைப்பிலேயே தெரியும்.

மார்ச் 9

வேகம். நம் பிரதி நொடிக்கு 25 சட்டகம் ஓடுகிறது, சினிமா 24. நூற்றுக்கு நான்கு வேகம் கூடினால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். பாட்டின் சுருதி சற்று மேலே ஏறி, எம்.எஸ்.வி. இசை கொஞ்சம் கீச்சென்று ஒலிக்கிறது. வேகத்தை 0.96 ஆக்கினால் மட்டும் போதாது. விஎல்சி சுருதியைப் பிடித்து வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் நீட்டும். ஆடியோ அமைப்பில் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ குறியை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் சுருதியும் இறங்கும்.

மார்ச் 14

திரை 12 அடி அகலம், 9 அடி உயரம். புரொஜெக்டரின் எறிவு விகிதம் 1.5, அதாவது தூரம் ஒளிக்கட்டத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. பன்னிரண்டை ஒன்றரையால் பெருக்கி 18 அடியில் மேசை போடத்தான் கை போகும், அது தப்பு. புரொஜெக்டர் 16:9, 4:3 படம் அதற்குள்ளே உட்காருகிறது. 18 அடியில் வைத்தால் படம் 9 அடி அகலம்தான் விழும். 9 அடி உயரம் வேண்டுமென்றால் முழு ஒளிக்கட்டம் 16 அடி அகலம், ஆகவே மேசை 24 அடியில்.

அந்தக் கால ரப்பர் தோட்டப் படக்காட்சியில் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்து இடவலம் மாறிய படத்தைப் பார்ப்பார்கள். ஒளி துணியை ஊடுருவிப் போவதால்தான் அது முடிந்தது. ஊடுருவும் ஒளி முன்னால் இருப்பவருக்கு நட்டம். இம்முறை வெள்ளைத் துணிக்குப் பின்னால் கறுப்புத் துணி வைத்துத் தைத்தாயிற்று. ஓரத்தில் அடிக்கு ஒரு வளையம்; கயிற்றுக்கும் வளையத்துக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு. காற்றடித்தால் டியூப் இழுபடும், துணி கிழியாது.

மார்ச் 19

ஒலித்தடம் ஒன்றே ஒன்று, ஸ்டீரியோ இல்லை. அதனால் பெட்டி ஸ்பீக்கர் ஒன்று திரைக்கு நேர் கீழே. கூம்பு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். அது நடுக்குரலை மட்டும் தூக்கி, மூன்று மருமகள்கள் ஒரே நேரத்தில் பேசுவதைக் கூச்சலாக்கிவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 8,000க்கு மேலேயும் குறைத்தால் பழைய தடத்தின் உறுமலும் இரைச்சலும் அடங்கும். பிறகும் ‘ம்ம்ம்’ என்று கேட்டால் குற்றம் படத்தில் இல்லை: லேப்டாப் ஒரு பிளக்கில், ஒலி மிக்சர் இன்னொரு பிளக்கில். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருக வேண்டும்.

மார்ச் 23

பிள்ளைகளுக்கு ஒரு தாள் விளக்கம். ‘வரவு எட்டணா’ பாட்டில் வரும் அணா என்ன? 16 அணா ஒரு ரூபாய். எட்டணா 50 காசு. இந்தியா 1957லேயே தசமக் காசுக்கு மாறியது, ஆனால் பேச்சில் அணா போகவில்லை. (இங்கே மலேசிய வெள்ளி வந்ததும் படம் வந்த அதே 1967இல்தான்.) வரவு எட்டு, செலவு பத்து என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து மிகைச் செலவு. பக்கத்து வீட்டுக்கு வந்த நடிகை பாமாவுக்கு (ராஜஸ்ரீ) முன்னால் கௌரவம் காட்டப் போய், வீடே கடனில் விழுகிற கதை. கடைக்காரர் கடன் கணக்கு எழுதும் 555 புத்தகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பாலசந்தர் சென்னை ஏஜிஸ் ஆபீஸில் (அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) கணக்கு வேலை பார்த்தவர். வரவு செலவு அவருக்குக் கைவந்த விஷயம்.

காட்சி இரவு

எட்டு மணிக்குத் தொடக்கம். ஏழரைக்கு இங்கே இன்னும் வெளிச்சம் இருக்கும். சாயங்காலம் மழை பெய்து விட்டதால் ஈசல் கிளம்பியது. திரையிலிருந்து தள்ளி, திடலின் மறு மூலையில் ஒரு டியூப் லைட்டை எரியவிட்டதும் பாதிக்கு மேல் அங்கே போய்விட்டது. மீதி புரொஜெக்டரின் காற்று வலையில் ஒட்டியது. இடைவேளையில் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டியிருந்தது. அடைத்துக்கொண்டால் சூடேறித் தானாக அணையும்.

மறுநாள்

துணியை ஈரத்தோடு மடிக்கவில்லை. மடித்தால் இரண்டே நாளில் கரும்புள்ளி விழும், வெளுத்தாலும் போகாது. மண்டபத்துக் கம்பியில் விரித்துக் காய்கிறது.