அம்மாவோட கவுண்ட் ஊசி

மார்ச் 4, செவ்வாய்
நேத்து சாயந்தரம் அம்மாவுக்கு கீமோ முடிஞ்சுது. கவுண்ட், அதாவது ரத்தத்துல வெள்ளணு எண்ணிக்கைய ஏத்துற ஃபில்கிராஸ்டிம் ஊசி வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சாச்சு, ஆனா 24 மணி நேரம் தாண்டாம போடவே கூடாதுன்னு சிஸ்டர் சொல்லி அனுப்புனாங்க. ஏன்னு கேட்டேன். ஊசி எலும்பு மஜ்ஜைய உசுப்பி நியூட்ரோஃபில்ங்கற, கிருமிய எதுக்கற வெள்ளணு செல்ல வேகமா பெருக வைக்கும், கீமோவோ வேகமா பெருகுறதையெல்லாம் தேடி அடிக்கும், ரெண்டும் ஒன்னா உடம்புல இருந்தா புதுசா வர்ற செல்லுதான் மொதல்ல காலி.

மார்ச் 6
தெருக்கோடி நர்ஸ் அக்கா வந்து தொப்புள தள்ளி வயித்துல போட்டாங்க. 300 மைக்ரோகிராம், தினமும் ஒன்னு. அரை மணி முன்னாடி வெளிய எடுத்து வச்சா எரிச்சல் கம்மியாம், குலுக்கக்கூடாது, ஃப்ரீசர் பக்கமே போகக்கூடாது. இ.கோலை பாக்டீரியாக்குள்ள மனுஷ ஜீன வச்சு தயாரிக்கறாங்க, 1991லயே அமெரிக்காவுல அனுமதி கெடச்ச மருந்து. எனக்கு அது வயித்துப்போக்கு கிருமியாதான் பழக்கம்!

மார்ச் 9
இடுப்பெலும்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு ராத்திரி பூரா அம்மா தூங்கல. மஜ்ஜை அங்கதான் நெறைய, அது ஓவர்டைம் பாக்குது. பாராசிட்டமால் தரலாம், ஆனா அதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வச்சு பாத்தாகணும், இல்லன்னா மாத்திரை ஜுரத்த மறைச்சிடும். 100.4 வந்துட்டா நடுராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிதான்.

மார்ச் 12
மொத்த வெள்ளணு 1,900, அதுல நியூட்ரோஃபில் 22 சதவீதம், கணக்கு போட்டா 418. ஐநூறுக்கு கீழ போயிடுச்சு. அண்ணன் ஃபோன்ல, "ஊசி போட்டும் ஏறலயே, டூப்ளிகேட் மருந்தா?"ன்னு ஒரே கத்தல். கவுண்ட் இறங்கத்தான் செய்யும்டா, இறங்கிக் கெடக்கற நாள ஊசி கொறைக்கும், அவ்ளோதான்னு சொன்னேன். பெரியம்மா பப்பாளி இலைச் சாறோட வந்தாங்க. வாங்கி வச்சுக்கிட்டேன், அம்மாவுக்கு குடுக்கல, பச்சையா அரைச்சது எதுவும் இப்ப வேணாம்.

மார்ச் 16
மொத்த வெள்ளணு 18,600! நியூட்ரோஃபில் 88 சதவீதம். இப்ப அண்ணனுக்கு இன்ஃபெக்ஷன் பயம். டாக்டர் அலட்டிக்கல, ஜுரம் இல்ல, வாய்ப்புண் இல்ல, ஊசி தள்ளிவிட்டதுல முழுசா முத்தாத பேண்ட் செல்லுங்களும் சேந்து ரத்தத்துக்குள்ள வந்துடுச்சு, ஊசிய நிறுத்துங்கன்னுட்டார்.

மார்ச் 18
9,100. நிறுத்துன ஒன்னு ரெண்டு நாள்ல பாதியா இறங்கறது சகஜமாம். அடுத்த கீமோவுக்கு பெக்ஃபில்கிராஸ்டிம் போடலாம்ங்கறார், இதே மருந்துதான், ஆனா உடம்புல ரொம்ப நாள் நிக்கற வகை, ஒரு கீமோவுக்கு ஒரே ஊசி போதும். அம்மாவுக்கு அதுல ரொம்ப சந்தோஷம், விலைய விசாரிக்க அண்ணன் கெளம்பிட்டான்.