62-இல் நின்றுபோன காட்டி: உலர் வெற்றிடப் பம்பைப் பிரித்துச் சேர்த்த அனுபவம்

ரோட்டாவேப்பில், அதாவது குடுவையைச் சுழற்றியபடி வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவியில், டி.எம்.எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) என்ற கரைப்பானை நீக்கிக்கொண்டிருந்தேன். குளியல் தொட்டி 60 டிகிரியில் இருந்தது. வழக்கமாக நாங்கள் பின்பற்றும் கணக்கு 60, 40, 20: தொட்டி 60, ஆவி 40, குளிர்விப்பான் 20 டிகிரி. 40 டிகிரியில் டி.எம்.எஃப் கொதிக்க அழுத்தம் 10 மில்லிபார் பக்கம் இறங்கியாக வேண்டும். அன்று அழுத்தக் காட்டி 62-க்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. கால் மணி நேரம் பார்த்தேன். 62.

"பம்ப் போயிடுச்சா அக்கா?" என்று பக்கத்தில் நின்ற ஜூனியர் கேட்டாள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அது மூன்று கட்ட டயாஃப்ரம் பம்ப். 2 மில்லிபார் வரை இழுக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. வந்த புதிதில் அந்த 2-ஐ என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன் எங்களிடம் எண்ணெய் பம்ப் இருந்தது. மாதாமாதம் எண்ணெய் மாற்றுவதே பெரிய வேலை. உலர் பம்ப் வந்ததும், எண்ணெய் இல்லை, இனிமேல் பராமரிப்பும் இல்லை என்று எல்லோரும் நம்பிவிட்டோம். அதுதான் எங்கள் பெரிய தவறு. இந்தப் பம்பில் வாயு போகும் பாதையில் எண்ணெய் கிடையாது, அவ்வளவுதான். உள்ளே, தலை என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு அறையிலும், டயாஃப்ரம் என்ற டெஃப்லான் பூசிய ஒரு தட்டு மேலும் கீழும் வளைந்து காற்றை இழுத்துத் தள்ளுகிறது. கரைப்பான் ஆவி வந்தால் அதைக் கரைத்து வைத்துக்கொள்ள எண்ணெய் இல்லாததால், ஆவி வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் பம்பின் தலைக்குள்ளேயே திரவமாகித் தங்க வேண்டும்.

சரி, முதலில் பழுது எங்கே என்று பார்க்க வேண்டும். பம்பா, ரோட்டாவேப்பா? ரோட்டாவேப்புக்குப் போகும் குழாயைப் பம்பின் வாயிலிலேயே கழற்றிவிட்டு, காட்டியை நேராகப் பம்போடு இணைத்தேன். பம்புக்குள் கொஞ்சம் காற்றை விடும் கேஸ் பேலஸ்ட் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அது திறந்திருந்தால் எந்தப் பம்பும் அடிமட்டம் வரை இழுக்காது. இதைப் பார்க்காமலே பம்பைச் சர்வீஸுக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். ஓட்டிப் பார்த்தால் 41. ஆக, பம்பே சரியில்லை. 41-க்கும் 62-க்கும் உள்ள இடைவெளி குழாயிலோ ரோட்டாவேப்பிலோ இருக்கும் கசிவு. இரண்டு பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. கசிவு சுலபமாக அகப்பட்டது: ரப்பர் குழாயின் முனை இறுகி வெடித்திருந்தது. இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினேன்.

பம்பைப் பிரிப்பதற்கு முன், எங்கள் சீனியர் அண்ணா ஒருவர் சொன்னபடி ஒன்று செய்து பார்த்தேன். வாயிலை மூடி வைத்து, கேஸ் பேலஸ்ட்டைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஓட்டினேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பம்பின் உடம்பு சூடேற ஆரம்பித்ததும் வெளியேற்றுக் குழாயில் சொட்டுச் சொட்டாகத் திரவம் வந்தது. முதலில் நிறமில்லாமல் வந்தது, அப்புறம் தேநீர் நிறத்தில். பிடிப்புப் புட்டியில் விரல் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டது. இத்தனையும் அந்தச் சின்னத் தலைகளுக்குள் இருந்திருக்கிறது என்று பார்த்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், திரவம் சுருங்காது. ஒவ்வொரு சுற்றிலும் டயாஃப்ரமும் அதைத் தள்ளும் தண்டும் அந்தத் திரவத்தோடு மோதிக்கொண்டிருந்திருக்கின்றன.

கேஸ் பேலஸ்ட் என்ன செய்கிறது என்பதை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். பம்ப் ஆவியை அழுத்தும்போது, ஒரு கட்டத்தில் ஆவியின் அழுத்தம் அந்த வெப்பநிலைக்கு உரிய எல்லையைத் தாண்டுகிறது. உடனே அது திரவமாகிறது. அந்த நேரத்தில் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால், ஆவி திரவமாவதற்கு முன்பே வெளியேற்று வால்வு திறந்து, காற்றோடு ஆவியும் போய்விடும். ஜெர்மானிய இயற்பியலர் வொல்ஃப்காங் கேடே 1935-இல் எண்ணெய் பம்புக்காகக் கண்டுபிடித்த உத்தி இது. இன்றைக்கும் உலர் பம்பில் அதே வேலையைத்தான் செய்கிறது. வெற்றிடம் கொஞ்சம் குறையும் என்பதால் பலர் அதை மூடியே வைக்கிறார்கள். நாங்களும் மூடியேதான் வைத்திருந்தோம். ஒரு எச்சரிக்கை: தீப்பற்றும் கரைப்பான் ஆவி அதிகமாக வரும்போது காற்றுக்குப் பதில் நைட்ரஜனை விடுவதுதான் பாதுகாப்பு. ஆவியும் காற்றும் பம்புக்குள் கலப்பது நல்லதல்ல.

திரவம் வடிந்தபின் 9 வந்தது. 41-இலிருந்து 9. ஆனாலும் 2 வரவில்லை. பிரிப்பதென்று முடிவெடுத்தேன்.

பிரிப்பதற்கு முன்னால் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் இதே பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்து, குனிந்து பின்பக்கத்து விசிறிக்கு அருகே கைவைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. கையை எடுத்த சில நொடிகளில் பம்ப் தானாகவே உயிர்பெற்று ஓட ஆரம்பித்தது. மோட்டார் அதிகச் சூடானதால் உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு அதை நிறுத்தியிருக்கிறது. ஆறியதும் மறுபடி இணைத்துவிட்டது. எல்லாப் பம்பும் இப்படிச் செய்யாது, சில பம்புகளைக் கையால் மறுபடி போட வேண்டும். உங்கள் பம்ப் எந்த வகை என்பதைக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அன்றிலிருந்து நான் சுவிட்சை நம்புவதில்லை. பம்பில் கைவைக்க வேண்டுமென்றால் பிளக்கை உருவி, அதை என் கண் எதிரிலேயே வைத்துக்கொள்வேன். சூடானதற்குக் காரணமும் எளியதுதான்: விசிறிச் சல்லடையில் தூசி அப்பியிருந்தது, பம்பைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம்.

அப்புறம் கையுறை. எங்கள் கூடத்தில் எல்லோரும் போடுவது மெல்லிய நைட்ரைல். டி.எம்.எஃப் அதைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். தோல் வழியாக உடலுக்குள் போகக்கூடிய கரைப்பான் அது. கருவுக்கும் கேடு செய்யும். அதனால் பியூட்டைல் ரப்பர் கையுறை எடுத்துக்கொண்டேன். கடைசி சில வாரங்களில் இந்தப் பம்பில் யார் யார் எதையெதை இழுத்தார்கள் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன. ஆளாளுக்குப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பம்பை ஃபியூம் ஹூட்டுக்குள் (ஆவியை வெளியே உறிஞ்சும் அடைப்புக்குள்) தூக்கி வைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பம்பைத் திறக்கக் கூடாது. வெளியே சர்வீஸுக்கு அனுப்பினாலும் திறக்கப்போகிறவருக்கு அதை எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

தலையைத் திறக்கும் முன் பேனாவால் மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுத்தேன். ஆலன் சாவியால் நான்கு திருகுகளையும் கழற்றி மூடியைத் தூக்கியதும் இனிப்பும் மீன் வாடையும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. வால்வுத் தகடு என்பது நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, ஒளி ஊடுருவும் ஒரு சின்ன வட்டு. அதன் மேல் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான படலம். இரண்டாவது தலையில் வால்வுத் தகட்டின் அடியில் வெள்ளையாக ஏதோ மின்னியது. விரலால் உருட்டிப் பார்த்தேன். சிலிக்கா ஜெல் துகள். யாரோ கலவையைச் சிலிக்காவில் ஏற்றி ரோட்டாவேப்பில் உலர்த்தியபோது, குடுவையின் கழுத்தில் பஞ்சு வைக்காமல் விட்டிருக்கிறார்கள். தூள் ஆவியோடு பறந்து, குழாயெல்லாம் கடந்து வந்து வால்வுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. ஒரு துகள் போதும், வால்வு முழுதாக மூடாது. டயாஃப்ரத்தைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் இறுக்கிப் பிடித்திருந்த வட்டத்தை ஒட்டி மயிரிழை அளவு விரிசல்.

இங்கே ஒரு இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். டயாஃப்ரத்துக்கு அடியில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். தூக்கும்போது ஒன்று டயாஃப்ரத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும், இன்னொன்று கீழே தங்கும். எத்தனை இருந்தனவோ அத்தனையும் அதே தலையில் திரும்பப் போக வேண்டும். ஒன்று குறைந்தால் பம்ப் வெற்றிடத்தை எட்டாது. ஒன்று கூடினால் டக் டக் என்று தட்டும், தண்டின் தாங்கி கெட்டுப்போகும். எனக்கு ஒன்று கீழே விழுந்து உருண்டது. அது கிடைக்கும்வரை வேறெதையும் தொடவில்லை. அப்புறம் தலைக்கு ஒரு தாள் விரித்து, அதன் மேலேயே எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன்.

தலைகளை ஐசோபுரொப்பனாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்தேன். உலோகக் கருவியால் சுரண்டக் கூடாது, டெஃப்லானில் ஒரு கீறல் விழுந்தாலே அது கசிவுப் பாதை. விரிசல் ஒன்றில்தான் இருந்தது. இருந்தாலும் எல்லா டயாஃப்ரங்களையும் வால்வுகளையும் மாற்றினேன். ஒரே வயதுடையவை, ஒன்று போனால் மற்றவை தூரத்தில் இல்லை. திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் சாவி) வைத்து முறுக்கினேன்.

ஓட்டினால் 6. என் முகம் வாடிவிட்டது. மறுபடி பிரிக்கலாம் என்று சாவியைக் கையில் எடுத்தபோதுதான் கையேட்டின் கடைசி வரி கண்ணில் பட்டது: புது டயாஃப்ரம், வால்வு போட்டபின் பல மணி நேரம் ஓடிய பிறகே பம்ப் முழு வெற்றிடத்தை எட்டும். ஓடவிட்டேன். மாலை ஆறரைக்குக் காட்டி 2.1.

இதோடு வெளியேற்றுக் குழாயையும் சரிசெய்தேன். ஹூட்டுக்குள் விட்டிருந்தோமே தவிர, நடுவில் தொங்கி ஒரு வளைவு விழுந்திருந்தது. அந்த வளைவில் சேரும் திரவம் குழாயை அடைக்கும். வெளியேற்றுப் பக்கம் அடைபட்டால் அங்கே அழுத்தம் ஏறி, குழாய் பிய்த்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் டயாஃப்ரம் கிழியும். இப்போது குழாய் பம்பிலிருந்து சரிவாக இறங்கி ஒரு பிடிப்புப் புட்டிக்குப் போகிறது, அங்கிருந்து ஹூட்டுக்குள். அந்தப் பாதையில் மூடவும் திறக்கவும் எந்த வால்வும் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது.

பம்புக்கு முன்னால் ஒரு கோல்டு ட்ராப்பும், அதாவது ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் பொறியும், வைத்தோம். உலர் பனிக்கட்டியும் ஐசோபுரொப்பனாலும் கலந்தது, சுமார் மைனஸ் 78 டிகிரி. திரவ நைட்ரஜன் போட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே என்று கேட்டார்கள். நான் உறுதியாக மறுத்தேன். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. ஆக்ஸிஜன் மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும். எங்கேயாவது கசிவு வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தால், ட்ராப்பில் வெளிர்நீலத் திரவமாக ஆக்ஸிஜன் சேரும். அதே ட்ராப்பில் கரைப்பானும் இருந்தால் அது வெடிமருந்துக்குச் சமம். எங்கள் வேலைக்கு உலர் பனிக்கட்டியே போதும்.

கண்ணாடிக் குடுவையைப் பற்றியும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெற்றிடத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை அழுத்துகிறது. ஒரு லிட்டர் குடுவைக்கு அது மொத்தம் 500 கிலோவுக்கு மேல். தட்டை அடியுள்ள கூம்புக் குடுவையை வெற்றிடத்தில் மாட்டக் கூடாது. வட்டக் குடுவையிலும் நட்சத்திரம் மாதிரி சின்ன விரிசல் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அது தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் போட்டிருங்கள்.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். காலையில் பம்பைப் போட்டதும், வாயிலை மூடி, கேஸ் பேலஸ்ட்டைத் திறந்து கால் மணி நேரம் சூடேற்றுகிறோம். சூடான தலையில் ஆவி எளிதில் திரவமாகாது. வேலை முடிந்ததும் அதே போல அரை மணி நேரம் ஓட்டி உலர்த்திவிட்டே நிறுத்துகிறோம். திங்கட்கிழமைதோறும் வாயிலில் நேராகக் காட்டியை வைத்து, எட்டிய எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறோம். எண் மெல்ல மெல்ல ஏறினால், வேலை நடுவில் நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

போன திங்கட்கிழமை ஜூனியர்தான் எழுதினாள். 2.3, பிடிப்புப் புட்டி காலி.