முப்பத்தாறு மாதச் சேவை, முப்பத்தாறு மாதப் படிப்பு

அமெரிக்காவில் நான் இரண்டு முறை மாணவியாக இருந்திருக்கிறேன். முதல் முறை வந்தது எஃப்-1 விசாவில், அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடனில். இரண்டாம் முறை படித்தது நர்சிங். அமெரிக்க ராணுவத்தில் நான்கு ஆண்டுகள் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றியதற்கு ஈடாகக் கிடைத்த ‘ஜி.ஐ. பில்’ என்ற கல்வி உதவியில் அதைப் படித்தேன். படித்த மாநிலமும் ஒன்றுதான், படித்தவளும் ஒருத்திதான். ஆனால் முதல் படிப்பு, கட்டணம் கட்டும் கெடுக்களாகவே எனக்கு நினைவில் இருக்கிறது. இரண்டாம் படிப்புதான் படிப்பாக நினைவில் இருக்கிறது.

வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. என் அப்பாவும் இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் அமெரிக்க ராணுவத்தில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் எல்லோரும் ஆடிப்போனார்கள். குடியுரிமையோ, நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் பச்சை அட்டையோ இல்லாதவர்களை அங்கே சேர்ப்பதில்லை. அதற்கு விதிவிலக்காக 2009 முதல் 2016 வரை ‘மாவ்னி’ என்றொரு திட்டம் நடந்தது. ராணுவத்துக்குத் தேவைப்பட்ட சில மொழிகளை அறிந்தவர்கள், முறையான விசாவில் இரண்டு ஆண்டுகளாவது இங்கே இருந்திருந்தால் சேரலாம். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2014-ல் நான் சேர்ந்தேன். அடிப்படைப் பயிற்சி முடியும்போதே குடியுரிமை கிடைத்தது. அம்மா தொலைபேசியில் அழுதார். அப்பா மட்டும், “பூட்ஸ் காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளம்மா, அதில்தான் எல்லாம்” என்றார்.

எனக்குப் பின்னால் வந்த பலருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பின்னணி விசாரணை முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். சிலர் அதற்குள் விசாவையே இழந்தார்கள். தாங்களாக முன்வந்தவர்களை ஒரு நாடு இப்படி நடத்தியிருக்கக் கூடாது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான் பயன்படுத்திய திட்டத்தின் முழுப் பெயர் போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில்; 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பணியாற்றிய படைவீரர்களுக்கானது. 2008-ல் சட்டமாகி, 2009 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. முழுநேரப் பணியில் மொத்தம் 36 மாதங்கள் இருந்து, நன்மதிப்புடன் விடுவிக்கப்பட்டவருக்கு முழு உதவியும் உண்டு. பணிக்காலம் குறைந்தால் விழுக்காடும் குறையும்: 24 மாதத்துக்கு 80, ஆறு மாதத்துக்கு 60 என்று படிப்படியாக இறங்கும். கிடைப்பதும் பொதுவாக 36 மாதப் படிப்புதான். விடுமுறை மாதங்கள் கணக்கில் சேராததால், ஒன்பது மாதக் கல்வியாண்டுகள் நான்கை அதில் முடித்துவிடலாம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், அந்த மாநிலத்தவர் கட்டும் கட்டணம் முழுவதையும் அரசே கல்லூரிக்கு நேராகச் செலுத்திவிடும். தனியார் கல்லூரிக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டும் தொகையில் ஒரு பங்கைக் கல்லூரியும் அரசும் பகிர்ந்துகொள்ள ‘யெல்லோ ரிப்பன்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. எல்லாக் கல்லூரிகளும் அதில் சேர்ந்திருக்கவில்லை. புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1000 டாலர் வரை தருகிறார்கள்.

கட்டணம் தீர்ந்தது பெரிய விஷயம்தான். ஆனால் என் வாழ்க்கையை மாற்றியது வீட்டு வாடகைப் படி. குடும்பத்தோடு இருக்கும் ஒரு சார்ஜென்டுக்கு அந்த ஊரில் ராணுவம் எவ்வளவு வாடகைப் படி தருமோ, அதே தொகை மாதந்தோறும் மாணவர் கைக்கு வரும். மாணவர் திருமணமாகாதவராக இருந்தாலும் அதே தொகைதான், வரியும் கிடையாது. முதல் படிப்பின்போது நூலகத்தில் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்த்தேன்; விசா அனுமதித்த உச்சமே அவ்வளவுதான். நள்ளிரவில் அறைக்குத் திரும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு பாடம் படிப்பேன். நர்சிங் படித்தபோது மருத்துவமனைப் பயிற்சி காலை ஏழு மணிக்குத் தொடங்கும். முதல் நாள் இரவே நோயாளியின் விவரங்களைப் படித்து, மருந்துகளைக் குறித்துக்கொண்டு, நேரத்தோடு தூங்கிவிட முடிந்தது. வாடகை கட்டியாகிவிட்டது என்ற நிம்மதியில் திறக்கிற புத்தகம் மண்டையில் ஏறுகிறது.

இந்தப் படிக்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. முழுநேரப் படிப்பில் பாதிக்கு மேல் பாடங்கள் எடுத்திருக்க வேண்டும். எல்லாப் பாடங்களையும் இணையவழியில் எடுத்தால், நாட்டுச் சராசரியில் பாதிதான் வரும். ஒரே ஒரு பாடமாவது வகுப்பறையில் இருந்தால், கல்லூரி இருக்கும் ஊரின் கணக்கு பொருந்தும். பணம் மாதம் முடிந்த பிறகே வரும். இரண்டு செமஸ்டர்களுக்கு இடைப்பட்ட விடுமுறை நாட்களுக்கு வராது. அதனால் டிசம்பர், ஜனவரி வாடகையை முன்பே சேர்த்து வைக்க வேண்டும். பட்டத்துக்குத் தேவையில்லாத பாடத்துக்குப் பணம் கிடையாது. நடுவில் ஒரு பாடத்தைக் கைவிட்டால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும். ஒவ்வொரு மாதமும் ‘இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று நாமே உறுதிப்படுத்தியாக வேண்டும். கல்லூரியில் இதற்கென்றே சான்றளிக்கும் அலுவலர் ஒருவர் இருப்பார். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரைப் பார்த்துவிடுவது நல்லது. அவர் நம் பாடங்களைப் பதிந்து அனுப்பாதவரை ஒரு டாலர்கூட நகராது.

இந்த உதவியைச் சிலர் இலவசம் என்று பேசும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இதற்கு வழிவகுத்த முதல் சட்டத்தில் 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். 1947-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள். அதே போரில் பங்கெடுத்த கறுப்பின வீரர்களுக்கோ சட்டத்தில் உரிமை இருந்தும், தென் மாநிலக் கல்லூரிகள் பல கதவைத் திறக்கவில்லை. அவர்களுக்கென இருந்த கல்லூரிகளில் இடம் போதவில்லை. உழைத்துப் பெற்ற ஒன்றைக்கூட இன்னொருவர் தயவாக்கிவிட முடியும் என்பதற்கு அது சாட்சி. நம் ஊரில் முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடும், பிரதமரின் உதவித்தொகையும் இருக்கின்றன. அந்த உதவித்தொகையில் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 3000 ரூபாய் வருகிறது. பணியாற்றியவரே கல்லூரி வாசலை மிதிக்க இப்படி ஒரு வழி இருந்திருந்தால், என் அப்பா கணிதம் படித்திருப்பார். அவருக்கு அந்த ஆசை இருந்தது.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சில, பிள்ளைகளின் கல்லூரிச் செலவைப் பார்த்து மிரண்டு, ராணுவத்தைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாமல் இப்போது சேர முடியாது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வழியில்லை என்பதை முதலில் சொல்லிவிடுவேன். பிறகு, கட்டணத்துக்காக மட்டும் அனுப்பாதீர்கள் என்பேன். நான் இருந்த முகாமில் முதுகும் முழங்காலும் போய்த் திரும்பிய இருபது வயதுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். போரென்று வந்தால் போகத்தான் வேண்டும். அதற்கு மனம் ஒப்பிய பிள்ளை என்றால் தாராளமாகப் போகட்டும். உதவியைத் தன் பிள்ளைக்கு மாற்றிக்கொடுக்க விரும்பினால், ஆறு ஆண்டுகள் முடித்து, மேலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்டு, பணியில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். விடுபட்ட பிறகு கேட்டால் கிடைக்காது. நான்கு ஆண்டுகளோடு வெளியே வந்ததால் எனக்கு அது இல்லை.

எனக்கு இன்னும் சில மாதங்கள் மிச்சமிருக்கின்றன. 2013 ஜனவரி முதல் விடுபட்டவர்களுக்கு, உதவியைப் பயன்படுத்தி முடிக்க இருந்த காலக்கெடுவை 2017-ல் நீக்கிவிட்டார்கள். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் தகுதிக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பின் தொடக்க செமஸ்டருக்கு அந்த மாதங்களை எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதற்கு மேல் ஆகும் செலவுக்குச் சம்பளத்திலிருந்து ஒதுக்கி வருகிறேன். வீட்டுப் பத்திரம் அப்பாவின் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. இனி அதை யாரும் வெளியே எடுக்க விடமாட்டேன்.