கதையை அவசரப்பட்டுக் கேட்காதவர் கிடைக்க ஏழு மாதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறேன். ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை. விடியற்காலையில் எங்களை ஏற்றிச் சென்ற தொழிற்சாலை வேனும் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரியும் ஒரு வளைவில் மோதிக்கொண்டதில், என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி இறந்துபோனாள். எனக்கு முறிந்த கையெலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் லாரி பிரேக் பிடிக்கையில் ‘புஸ்’ என்று வெளியேறும் காற்றுச் சத்தத்தைக் கேட்டால் கால் நகராமல் நின்றுவிடுவதும், பழுத்த குலையின் வாடை பட்டாலே குமட்டுவதும் போகவில்லை. தோட்டப்புறத்தில் குடியிருப்பவர் இவ்விரண்டிலிருந்தும் எங்கே ஓடி ஒளிவது? இதற்குச் சரியான மனநல உதவியைத் தேடி அலைந்த கதை இது.

அம்மா ‘பயந்திருக்கிறாள்’ என்று முனியாண்டி கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். நான் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். 21 கேள்விகள் கொண்ட டாஸ் (DASS) என்ற மனநலப் படிவத்தை மலாயில் நிரப்பச் சொன்னார்கள். அது கடந்த ஒரு வாரத்து மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகிய மூன்றை மட்டுமே அளப்பது. நடந்த சம்பவத்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. அந்த வாரம் முழுக்க எம்சியில் (மருத்துவ விடுப்பில்) வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவளுக்குப் பதற்றம் எங்கிருந்து வரும்? ‘லேசான அழுத்தம்’ என்று வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். படிவம் கேட்காவிட்டாலும் விபத்தைப் பற்றி நீங்களே வாய்திறந்து சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, அதனால் இரண்டு மாதம் வீணாயிற்று.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வேலையிடத்தில் ஏற்பாடு செய்த ஓர் ஆலோசகர், எனக்கு மலாய் தடுமாறும் என்று எண்ணி, எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) அடுத்த லயத்துப் பெண் ஒருவரை மொழிபெயர்க்க உட்கார வைத்தார். அறிமுகம் முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகாத நிலையில், ‘எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், பாரம் குறையும்’ என்றார் ஆலோசகர். கொட்டினேன். அழுது நடுங்கிக்கொண்டிருந்தபோதே ஒரு மணி நேரம் முடிந்துவிட்டதாக எழுந்துகொண்டார். அன்றிலிருந்து மூன்று இரவுகள் கண்ணை மூட முடியவில்லை. சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான 15555 எண்ணில் முகம் தெரியாத ஒருவருடன் பேசித்தான் ஓர் இரவைக் கடத்தினேன். அந்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, “ஏம்மா, அவ கடைசியா உன் பேரத்தான் கூப்பிட்டாளாமே?” என்று கேட்டார். அறைக்குள் நான் சொன்ன சொல் மாறாமல் வெளியே வந்திருந்தது. மொழிபெயர்ப்புக்கு ஊர்க்காரர் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆலோசகர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவரா என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

அரசாங்கப் பெரிய மருத்துவமனையின் மனநலச் சிறப்புப் பிரிவுக்குத் தனியார் கிளினிக் ஒன்றில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, வாடகைக் கார் பிடித்துப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பினாரே ஒழிய ஒரு வரியும் படிக்கவில்லை. “சாப் (முத்திரை) இல்லை.” அவ்வளவுதான், திரும்பி வந்தேன். டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே முத்திரை இருக்கிறதா என்று கிளினிக்கிலேயே பார்த்துவிடுங்கள். அதைவிட, அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்குவது மேல். தனியார் கடிதத்தோடு போனால் முதல் வருகைக்கு 30 வெள்ளி கேட்கும் இடத்தில் 5 வெள்ளியோடு முடியும். இரண்டாம் முறை போனபோது எந்தச் சிக்கலும் இல்லை.

அங்கே கிடைத்தவர் மலாய்க்கார உளவியலாளர். நான் வாயெடுத்ததுமே “பெலான்-பெலான், கக்” (மெதுவாக, அக்கா) என்று கையமர்த்தி, விபத்தை விட்டுவிட்டுத் தூக்கம், சாப்பாடு, வீட்டில் யார் துணை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பவற்றையே கேட்டார். விபத்து அதிர்ச்சியின் பாதிப்பை அளக்க, கடந்த ஒரு மாதத்தைப் பற்றிய 20 கேள்விகளில் 80க்கு 52 வந்தது; எண் கூடினால் பாதிப்பு அதிகம். பிறகு மூன்று சந்திப்புகள், மூச்சை நிதானமாக நீட்டி வெளிவிடவும், உள்ளங்கால் தரையில் பதிவதைக் கவனிக்கவும் பழக்கியதிலேயே போயின. இதற்கா இத்தனை காசு கொடுத்துக் கார் பிடித்து வருகிறோம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கையில் இருந்த கயிற்றை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, அதைத் தொட்டால் மனம் அடங்குகிறது என்றால் இருக்கட்டும் என்றார்.

ஐந்தாவது சந்திப்பில்தான் கதைக்கு வந்தோம். அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையாம்: கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோல் சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். “தமிழிலேயே சொல்லுங்கள்” என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தையும் கைகளையும் பார்த்தபடி, இடையிடையே 0 முதல் 100க்குள் பயம் எவ்வளவு என்று மட்டும் கேட்பார். முடிந்ததும் மலாயில் சுருக்கிச் சொல்வேன். முதல் நாள் 95.

வீட்டில் ஆறாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பதிவில் என் குரல், “எனக்குத் தலை சுத்துது, சன்னல் பக்கம் நான் உக்காந்துக்கிறேன்னு அவ கேட்டா” என்றது. நான்தான் அவளை அந்த இடத்துக்கு மாற்றிவிட்டேன் என்று அதுவரை மனத்துக்குள் மருகிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அந்த வரியை மட்டும் நான்கு முறை ஓட்டிக் கேட்டேன்.

பிறகு, நான் பயந்து ஒதுங்குபவற்றைப் பட்டியல் போட்டோம்: செம்பனைப் பழம் எடை போடும் இடத்துக்கு அருகே நிற்பது, தம்பியுடன் பகலில் அந்த வளைவு வரை நடப்பது, கடைசியாக விடியற்காலை வேன். பயம் பாதியாகக் குறையும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது ஏற்பாடு. எடை போடும் இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். கிராணி (கணக்குப்பிள்ளை), பழம் விற்க வந்தேனா என்று இரண்டு தடவை கேட்டார். சென்ற மாதம் அதே 20 கேள்விகளில் 52 என்பது 24 ஆகியிருக்கிறது. வேன் மட்டும் பாக்கி. வருகிற திங்கட்கிழமை ஏறுவதாக ஓட்டுநரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சன்னலோர இருக்கையைக் கேட்டிருக்கிறேன்.